கருவாட்டுக் கட்டுரை

டாக்டர் மாதவ குட்வா அன்று கல்லூரி கேண்டீனில் இரண்டாவது தட்டு கோளிபஜே வாங்கினார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிற மனிதர் எண்ணெய்ப் பண்டத்தில் இரண்டாவது தட்டுக்குப் போகிறார் என்றால், மனசு அத்தனை குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். மங்களூரில் அந்த மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சி இயக்குநர் நாற்காலி காலியாக இருந்தது. யாருடைய கட்டுரைகளை மற்ற ஆராய்ச்சியாளர்கள் அதிகம் மேற்கோள் காட்டியிருக்கிறார்களோ அவருக்கே பதவி என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இணையதளம் தானாகவே எண்ணிவைத்திருந்த கணக்குப்படி குட்வாவுக்கு 1,502 மேற்கோள்கள். எதிர் அறை டாக்டர் கேசவ பட்டுக்கு 1,810.

குட்வாவுக்கு அவசர புத்தி. பஸ்ஸானாலும் கேண்டீனானாலும் முதலில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிட வேண்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும் அதே யோசனையைத்தான் சொல்வார். இயக்குநர் நாற்காலிக்கும் மனசுக்குள் எப்போதோ கைக்குட்டை போட்டுவைத்திருந்தார். அதில் பட் வந்து உட்கார்வதை அவரால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. பட்டின் கணக்கில் 412 மேற்கோள்கள் ஒரே ஒரு கட்டுரைக்கு வந்தவை. 'கடலோர மீனவர்களும் கருவாட்டு உப்பும் ரத்த அழுத்தமும்', ஒரு மருத்துவச் சஞ்சிகையின் பதினான்காம் தொகுதி, 231-ஆம் பக்கம். குட்வா நூலகத்துக்குப் போய் அந்தச் சஞ்சிகையின் பதினான்காம் தொகுதியை எடுத்துப் புரட்டினார்.

தொகுதி 198-ஆம் பக்கத்தோடு முடிந்துவிட்டது. கட்டுரையும் இல்லை, கருவாடும் இல்லை.

வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு அவர் உள்ளங்கையிலேயே கழித்துப் பார்த்தார். 1,810-ல் 412 போனால் 1,398. நூற்று நான்கு மேற்கோள் வித்தியாசத்தில் நாற்காலி குட்வாவுக்கு. அன்றே புகார் எழுதிக் கொடுத்தார்.

கேண்டீனில் இரண்டாவது தட்டு வாங்கிய அன்று மூன்று மணிக்கு விசாரணை. முதல்வர் டாக்டர் ஐரின் லோபோ நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நூலகர் சுசீலா ரை, குட்வா கேட்டபடி, கருவாட்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டிய 412 கட்டுரைகளையும் அச்செடுத்து, புதியது மேலே, பழையது அடியில் என்று வருடவாரியாக அடுக்கி வைத்திருந்தார். குட்வாவுக்கு இருந்த அவசரத்தில் மேலே ஐம்பதைப் புரட்டியதோடு சரி.

"பட்ரே, இந்தக் கட்டுரை நீங்க எழுதினதுதானா?" என்று முதல்வர் கேட்டார்.

பட் தலையைச் சொறிந்தார். "சத்தியமா நினைவில்ல மேடம். ஜூனியருங்க எதை எழுதினாலும் துறைத் தலைவர்னு என் பேரையும் சேர்த்துடறாங்க. நூத்தி நாப்பது கட்டுரை இருக்கு. இதுவும் அதுல ஒண்ணா இருக்கும்னு விட்டுட்டேன்."

"கடலே இல்லாம மீன் பிடிச்சிருக்கார் நம்ம பட்ரு" என்றார் குட்வா. இந்தக் கிண்டலை அவர் காலையிலிருந்தே தயாராக வைத்திருந்தார்.

இல்லாத கட்டுரையை நானூறு பேர் எப்படிப் படித்தார்கள் என்று முதல்வருக்குப் புரியவில்லை. யார் படித்தது என்று குட்வா திருப்பிக் கேட்டார். ஒருவர் கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலை இன்னொருவர் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வது ஊரறிந்த சங்கதிதானே என்று, அடுக்கிலிருந்து ஒன்றை உருவிக் காட்டினார். அதை எழுதியவர் டாக்டர் ஐரின் லோபோ.

முதல்வர் மின்விசிறியைப் பார்த்தார். "எல்லாரும் போட்டிருந்தாங்க. நானும் போட்டேன்."

குட்வா பெருந்தன்மையோடு அந்தத் தாளைத் திரும்பச் செருகினார். பின்னால் வந்தவர்கள் பாவம், அவர்களை விட்டுவிடலாம் என்றார். முதன்முதலில் இதை ஒரு கட்டுரையில் நுழைத்தவன்தான் திருடன். யாருக்கு லாபமோ அவரே தன் கட்டுரை ஒன்றில் கமுக்கமாக நுழைத்திருப்பார், மற்றவர்கள் அதைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். அந்த முதல் ஆளுக்கு இயக்குநர் பதவி மட்டுமல்ல, இந்தக் கல்லூரியில் இனி எந்தப் பதவியுமே கிடையாது என்று இப்போதே எழுதிவிட வேண்டும் என்றார்.

"அவ்வளவு கடுமையா வேணுமா, குட்வா?"

"வேணும் மேடம். நானே எழுதித் தரேன்."

எழுதினார். முதல் கையெழுத்தும் அவரே போட்டார். அடுத்து முதல்வர் போட்டார். பட் பேனாவை வாங்கி, பெருமூச்சு விட்டு, கடைசியில் அவரும் போட்டார். குட்வாவுக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. அந்த நாற்காலிக்குப் புது மெத்தை போடச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

"சுசீலா, அடியில இருக்கிற முதல் கட்டுரையை எடுங்க. யார் எழுதினதுன்னு படிங்க."

சுசீலா எடுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தாளை ஒரு தடவை பார்த்தார், குட்வாவை ஒரு தடவை பார்த்தார்.

"சார், நீங்களே பார்த்துடுங்களேன்."

"எனக்கெதுக்கும்மா? சத்தமா படிங்க. எல்லார் காதுலயும் விழட்டும்."

சுசீலா சத்தமாகவே படித்தார்.

பதினேழு வருடத்துக்கு முன், அப்புறம் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று மேற்கோள் பட்டியலின் ஒரு காலி இடத்தில் பட்டின் பெயரையும் தோன்றிய தலைப்பையும் கைக்குட்டையாகப் போட்டுவிட்டு, அதை எடுக்க மறந்துபோன அந்த முதல் கட்டுரையை எழுதியவர் டாக்டர் மாதவ குட்வா.