கம்பளித் தொப்பி

நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பன்னிரண்டு பெண்களுக்கு உல்லன் பின்னக் கற்றுக்கொடுத்த ஹேமாவதி இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. அவள் நினைவாக எல்லோரும் அழுதழுது பின்னிய நூறு குழந்தைத் தொப்பிகளோடு கல்யாணி செங்கல்பட்டுப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனாள். இதற்குமுன் மாதாமாதம் ஹேமாவதிதான் எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.

நர்ஸ் பையைத் தொடவே இல்லை.

“வேணாம்மா. கம்பளி உறுத்தி குழந்தைங்களுக்குத் தடிப்பு வருதுன்னு மூணு வருஷம் முன்னாடியே அந்தம்மாகிட்ட சொல்லிட்டோமே. அதுக்கப்புறம் அவங்க இந்தப் பக்கமே வரல.”

கல்யாணி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நேராக ஹேமாவதி வீட்டுக்குப் போய் அவள் கணவரிடம் கேட்டேவிட்டாள்.

“எங்க தொப்பியெல்லாம் யாருக்கு வித்தாங்க சார்?”

லக்ஷ்மிநாராயணன் தலைகுனிந்தார்.

“விக்கலம்மா. ரெண்டு பேருமா உட்கார்ந்து பிரிப்போம். அலசிக் காயவெச்சு, உருண்டையாச் சுத்தி, புது நூல்னு உங்களுக்கே திருப்பிக் குடுத்துடுவா.”

“எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே!”

“நானும் அதைத்தான் சொன்னேன். ‘சொன்னா பின்னுறதை நிறுத்திடுவாங்க. பிள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுல. பாவம், அவங்க வேற யாருக்குத் தேவை?’ன்னு கேட்டா.”

கல்யாணியின் ஃபோன் அடித்தது. அழைத்தது குழுவிலேயே மூத்தவளான செண்பகம்.

“குடுத்தாச்சா கல்யாணி? குழந்தைங்களுக்கு அளவு சரியா இருக்கா?”

கல்யாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கச்சிதமா இருக்குக்கா. அடுத்த மாசமும் கேட்டிருக்காங்க.”