குடுவையைத் தட்டும் நகம்

பதினொன்றாம் வகுப்பில் ஜெனிட்டா வேதியியல் கற்றது ஒரு கையிடம்தான். தவமணி சாரின் முகத்தை அவள் பார்த்ததில்லை. கொரோனாவால் பூட்டிக்கிடந்த பள்ளியின் ஆய்வகத்தில் தனியாக நின்று அவர் எடுத்தனுப்பும் வீடியோக்களில் பியூரெட் குழாயும் குடுவையும் மணிக்கட்டு வரை ஒரு கையும் மட்டுமே வரும். ஆள்காட்டி விரல் நகம் பாதி கறுத்திருக்கும். கரைசல் இளஞ்சிவப்பாக மாறியதும் அந்த நகத்தால் குடுவையை இரண்டு முறை தட்டுவார். தட்டினால் சோதனை முடிந்தது. பார்த்ததை எழுதி, போட்டோ பிடித்து அனுப்ப வேண்டும். இருபத்தாறு அசைன்மெண்ட் அப்படியே போயின.

இருபத்தேழாவது வீடியோ ஒன்பது நாள் தாமதமாக வந்தது. கண் எரிய எரிய அதை மூன்றாம் முறையாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னுமாடி முடியல? போனைக் குடு, நான் வேலைக்குக் கிளம்பணும்" என்றாள் அம்மா.

"சார் தட்டவே இல்லம்மா."

"தட்டலைன்னா என்ன? கலர் மாறிச்சுல்ல, எழுதி அனுப்பு."

நிறம் மாறித்தான் இருந்தது. ஆனால் குடுவையைப் பிடித்திருந்த கையின் நகங்கள் ஐந்தும் வெள்ளையாக இருந்தன. வகுப்புக் குழுவில் நாற்பது பேரும் வீடியோவைப் பார்த்திருந்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஜெனிட்டா தாளை இழுத்து, உற்றுநோக்கல் என்ற கட்டத்தில் 'கை மாறியிருக்கிறது' என்று எழுதினாள். அதிலிருந்து அறிவது என்ன என்று கேட்கும் அடுத்த கட்டத்தின் மேல் பேனா நின்றது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, போனுக்காகக் கையை நீட்டினாள்.