மேடு ஏறாத வண்டி

"இன்னைக்கும் கியர் நழுவுது டேரல். இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. கருகுற வாடை வேற."

இருபத்தைந்து வருடப் பழைய பிக்கப் வண்டியைப் பட்டறைக்குள் நிறுத்திவிட்டு இறங்கினார் ஆர்வில். இதே புகாரோடு மூன்றாவது தடவையாக வருகிறார். மக்காச்சோள அறுவடை நேரம். விடிந்ததிலிருந்து லாரிகளுக்கு அடியிலேயே கிடந்த டேரலுக்கு உடம்பெல்லாம் அலுப்பு.

"காபி இருக்கு, டோனட் இருக்கு. எடுத்துக்கங்க அண்ணே."

"சர்க்கரைக்காரன்கிட்ட டோனட்டை நீட்டுறியே, சீக்கிரம் மேல அனுப்பி வைக்கப் பாக்குறியா?" என்ற ஆர்வில், காபியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

டேரல் இன்ஜினை ஓடவிட்டு, கியர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தான். ஆயில் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. கருகிய வாடையே இல்லை. கம்பியைத் திரும்பச் செருகும்போது முழங்கை பட்டு, பெரிய ஸ்பேனர் ஆர்விலின் கேன்வாஸ் ஷூ மேல் தொப்பென்று விழுந்தது.

டேரல் பதறிக் குனிந்து எடுத்தான். ஆர்வில் இன்ஜினைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தார்.

"என் வீட்டுக்காரி வெர்னாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி அறுபது மைல். என்னை விட்டா கூட்டிட்டுப் போக யாரு இருக்கா?"

தங்கமான மனுஷன், ஒரு வார்த்தை திட்டவில்லை என்று நினைத்துக்கொண்டான் டேரல்.

எந்த வண்டியையும் அவன்தான் ஓட்டிப் பார்ப்பான்; சொந்தக்காரர் பட்டறையிலேயே உட்கார்ந்திருப்பார். போன இரண்டு தடவையும் அப்படித்தான், வண்டி முனகாமல் மேடு ஏறியது. இன்று அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கக்கூடத் தெம்பில்லை.

"நீங்களே ஓட்டுங்க அண்ணே. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

தானியக் கிடங்கு மேட்டில் இன்ஜின் அலறியது, வண்டி தவழ்ந்தது. கருகல் வாடையும் வந்தது. டேரல் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று குனிந்தான்.

ஆர்விலின் வலது ஷூ, ஆக்ஸிலரேட்டரோடு பிரேக்கையும் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்தச் சொன்னான்.

"கியர்பாக்ஸ் போச்சா? மறைக்காம சொல்லுப்பா."

"வண்டிக்கு ஒண்ணுமில்ல அண்ணே." ஆர்விலின் ஷூவைப் பார்த்தான். "அப்பவே கேக்கணும்னு நினைச்சேன். ஸ்பேனர் விழுந்துச்சே, கால் வலிக்குதா?"

ஆர்வில் குனிந்து இரண்டு கால்களையும் பார்த்தார்.

"என் கால்லயா? எப்ப?"