அமுக்கிப் பிடித்த பிரேக்

சாயங்கால வெயிலில் உப்பளத்துக் குவியல்கள் மஞ்சளாகத் தெரிகின்றன. வாசலில் ஆஸிஃபாவின் கியர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, அவள் கணவன் நசுருதீன் முன்சக்கரத்தைச் சுற்றிவிடுகிறான். ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் கட்டை சக்கரத்தின் டிஸ்க்கில் உரசி ‘ஸ்ஸிங்’ என்கிறது. நாளைக் காலை அவனுக்கு துபாய் விமானம். இந்தச் சத்தத்தோடு அவளை விட்டுப்போக மனசில்லை. பிரேக்கின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்துகிறான். “பிரேக்க நல்லா அமுக்கிப் புடி. நான் டைட் பண்ற வரைக்கும் விட்டுடாத.” அவள் குந்தி உட்கார்ந்து, மருதாணி விரல்களால் அமுக்கிப் பிடிக்கிறாள். அவன் இரண்டு போல்ட்டையும் இறுக்குகிறான். “முடிஞ்சுது, விடு.” அவள் விடவில்லை. “ஏய், நீ விட்டாதானே சக்கரம் சுத்தும்?” “தெரியும் மச்சான். கொஞ்ச நேரம் சுத்தாமதான் இருக்கட்டுமே.”