கையெழுத்து வாங்காத வீடு

"மாமா, அந்த வீட்டை ஏன் விட்டுட்டீங்க?"

நாகூர் கனி காதில் விழாதவர் போல அடுத்த வாசலுக்கு நகர்ந்தார். மெஹராஜ் நகரவில்லை.

மும்பை தாராவியில், ஒட்டி ஒட்டி ஒற்றை அறை வீடுகளாக இருக்கும் அந்தச் சாலில் முப்பது குடித்தனங்கள். போர் நடத்தும் ஒரு நாட்டின் கம்பெனிகளுடைய சாமானை வாங்க மாட்டோம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவதை ஆரம்பித்ததே நாகூர் கனிதான். தன் மளிகைக் கடையில் இருந்த சோப்பு, ஜூஸ் எல்லாவற்றையும் முதல் ஆளாகத் திருப்பி அனுப்பியவர். அக்கா மகள் மெஹராஜுக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஆனால் இன்று காலையிலிருந்தே அவர் சரியில்லை. நாளைக்குப் போகலாமே என்றார். அவள்தான் பிடிவாதமாகக் கூட்டி வந்தாள்.

விட்டுப்போன வீடு மரியஅந்தோணியுடையது. மனைவியை இழந்து தனியாக இருப்பவர். மகள் ரோஸி அந்த நாட்டில்தான் இருக்கிறாள், முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில்.

"சிநேகிதர்னு விட்டுட்டீங்களா? அங்க பச்சப்பிள்ளைங்க சாகுது மாமா. அந்த ஊர்ச் சம்பளத்துல சாப்பிடுற வீட்டுலதான் மொதல்ல கேக்கணும்."

வேண்டாம், வா என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கதவைத் தட்டிவிட்டாள்.

மரியஅந்தோணி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டுவது போல நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"எம்பிள்ளையும் இதத்தான் சொல்லுதா தாயி. அங்க நடக்கதப் பாத்து அழுகா. ரெண்டு பக்கத்து ஜனத்துக்கும் சேத்து ஜெபம் பண்ணுதாளாம். நாளைக்கு ஞாயித்துக்கிழமல்லா, உங்க மாமா போன்லதான் எங்கிட்ட பேசுவா. நான் கையெழுத்துப் போட்டத நீயே சொல்லு. சந்தோசப்படுவா."

மெஹராஜ் தாளை வாங்கிக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

நாகூர் கனி சந்து முனையில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"அவரே போட்டுட்டாரு மாமா. நீங்க எதுக்குப் பயந்தீங்க?"

அவர் அவள் கையிலிருந்த தாளை வாங்கி மடித்தார்.

"காலைல அங்கேருந்து எனக்குப் போன் வந்துச்சு. பதிலுக்கு அந்த ஊர்மேல நேத்து விழுந்த குண்டுல ரோஸி போயிட்டா. அவ அண்ணன் ஸ்டெர்லின் பூனாவுலேருந்து வந்துக்கிட்டு இருக்கான். அவன் வர்ற வரைக்கும் அந்த மனுஷன் முகத்தப் பாக்க எனக்குத் தெம்பில்லம்மா."