தெருமுனைக்கு அப்பால்

"இன்னா கண்ணு, கம்மல் எதுனா உழுந்துடுச்சா?"

கள்ளிக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் இளநீர் விற்கும் சுலோசனா கேட்டாள். ரேணுகா தரையையே பார்த்துக்கொண்டு நடந்ததால் அப்படித் தோன்றியிருக்கும்.

"இல்லக்கா. சும்மா நடக்கறேன்."

சும்மாதான். வீட்டில் எல்லோரும் மதியச் சாப்பாடு முடிந்து அசந்து தூங்கிவிட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்கே என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

நேற்றுதான் அவள் கணவன் தேவாவை எடுத்துக்கொண்டு போனார்கள். முப்பத்தாறு வயது, மாரடைப்பு. ரேணுகா இன்னும் ஒரு சொட்டு அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அழுதுடுடி, நெஞ்சு அடைச்சிக்கும்" என்று நாத்தனார் முதுகைத் தட்டினாள். தட்டினால் வந்துவிடுமா? தேவாமேல் தனக்கு ஆசையே இருந்ததில்லையோ என்று ரேணுகாவுக்கே பயமாக இருந்தது.

பெண்களை வழக்கம்போல் தெருமுனையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குமேல் எந்த வழியாகப் போனார்கள், எங்கே எரித்தார்கள், எதையும் அவள் பார்க்கவில்லை.

அந்தத் தெருமுனையைத் தாண்டியதும் ரோஜா இதழ்கள் சிதறிக் கிடந்தன. தேவாவுக்குச் சாமந்தி வாசனையே ஆகாது. அதனால் மாலையிலிருந்து உதிரிப்பூ வரை கொழுந்தன் ரோஜாவாகவே வாங்கியிருந்தான். வாடிய இதழ்கள் போன பக்கமே அவள் கால்களும் போயின.

பிரியாணிக் கடை வாசலில் கூட்டம். "ஓட்டி, ஓட்டி, ஏறுக்கா!" என்று ஷேர் ஆட்டோக்காரர் போகிற ஊரைச் சொல்லிக் கூப்பிட்டார். போன வாரம் தேவாவும் அவளும் நின்று குல்ஃபி சாப்பிட்ட இடம் வந்தது. நின்று பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. குல்ஃபி வண்டி நின்ற இடம், அவ்வளவுதான்.

மெயின் ரோட்டைக் காலையிலேயே பெருக்கிவிட்டிருந்தார்கள். பூ எதுவும் இல்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது எதிர்த் தெருவில் மறுபடி இதழ்கள் தெரிந்தன, ரோஜாவும் சாமந்தியுமாக. ரோட்டைக் கடந்தாள்.

அந்தத் தெரு சுடுகாட்டு கேட்டில் போய் முடிந்தது. உள்ளே தகரக் கொட்டகையின் கீழ் ஒரே ஒரு சாம்பல் குவியல். கிட்டே போனதும் காலில் லேசாகச் சூடு தெரிந்தது.

அவ்வளவுதான், நேற்றிலிருந்து வராததெல்லாம் மொத்தமாக வந்தது. மண்ணில் உட்கார்ந்து, "என்ன வுட்டுட்டு எப்டியா போனே" என்று அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு நிம்மதி. ஆசை இருந்திருக்கிறது. நிறையவே இருந்திருக்கிறது.

சத்தம் கேட்டுச் சுடுகாட்டுக் காவலாளி தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார்.

"இன்னாத்துக்கும்மா இப்டி அழுவுறே? தொண்ணூத்திரெண்டு வயசு, கல்யாண சாவு! பெரியவருக்கு நீ மகளா, பேத்தியா?"