பதினோரு காலடி

இருக்கிற இடத்திலேயே வீடு கட்டித் தரும்படி மனு கொடுத்தபோது, தேசம்மாள் தானே போட்ட வரைபடத்தையும் சேர்த்தே கொடுத்தாள். வேப்பமரத்திலிருந்து தெருக்குழாய்க்குப் பதினோரு காலடி; தண்ணீர் முறை வரும்வரை பெண்கள் உட்கார நடுவில் ஒரு கல்மேடை, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிறாற்போல் வளைவாக. “படிச்சவங்களுக்கே இது வராதும்மா,” என்று அதிகாரி மனதாரப் பாராட்டி வாங்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் மாதம் குடிசைகளை இடித்து, எல்லோரையும் லாரியில் ஏற்றி நகரத்துக்கு வெளியே இறக்கிவிட்டார்கள்.

இப்போது அங்கே இருபது மாடி. தேசம்மாள் இரண்டு பஸ் மாறி அங்கே பெருக்க வருகிறாள். வந்த முதல் நாளே வேப்பமரத்தில் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு, என்னவோ தோன்றி அடிமேல் அடி வைத்து நடந்தாள். பதினோராவது காலடியில், குழாய்க்குப் பதில் நீரூற்று இருந்தது. நடுவில் அதே மேடை, பளிங்கில். அதே வளைவு. உட்கார்ந்தாள்.

“யக்கா, அதுல குந்தாத! கேமரா பாக்குது,” என்று வாட்ச்மேன் ஓடி வந்தான்.

“நான் போட்டதுடா இது.”

“சர்தான். மேல இருபது மாடியும் நான் போட்டதுதான். ஏந்திரு.”

தேசம்மாள் எழுந்து, தான் உட்கார்ந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள்.